பெயர் நிலைக்காத முகாம்: அரவைப்பா, 1860–1873

1871 பிப்ரவரி இறுதியில், அரிசோனாப் பாலைநிலத்தில் இருந்த ஒரு சிறு இராணுவ முகாமிலிருந்து கடிதம் ஒன்று புறப்பட்டது. எழுதியவர் அமெரிக்க 3ஆம் குதிரைப்படையின் லெப்டினன்ட் ராயல் எமர்சன் விட்மன். பெறவேண்டியவர் அரிசோனா இராணுவ மண்டலத்தின் தளபதி ஜெனரல் ஜார்ஜ் ஸ்டோன்மன். அவருடைய தலைமையகமோ பாலைவனத்திற்கு அப்பால், கலிபோர்னியக் கடலோரத்து டிரம் பாரக்சில் இருந்தது. பசியோடும் களைப்போடும் முகாமை நாடி வந்திருக்கும் அப்பாச்சி மக்களை என்ன செய்வது என்பதே கடிதத்தின் கேள்வி. ஆறு வாரங்களுக்கும் மேலான காத்திருப்பிற்குப் பின் அந்தக் கடிதம் எழுதியவரிடமே திரும்பி வந்தது. கேள்விக்கு விடை இல்லை. மடித்த தாளின் புறப்பக்கத்தில் உள்ளடக்கச் சுருக்கம் விதிப்படி எழுதப்படவில்லை என்ற குறிப்பு மட்டுமே இருந்தது.

அதே ஏப்ரல் மாதத்தின் கடைசி நாளில், முகாமின் பாதுகாப்பை நம்பித் தங்கியிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடியற்காலையில் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அமெரிக்க வரலாற்றில் இந்நிகழ்வு 'கேம்ப் கிராண்ட் படுகொலை' என்று வழங்குகிறது. படுகொலையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைத் தந்த முகாமைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. பதின்மூன்று ஆண்டுகளே இருந்த ஓர் இராணுவ முகாமின் வாழ்க்கையைத் தொடர்ந்து படிக்கும்போது, அந்தக் கடிதம் ஏன் அவ்வாறு திரும்பியது என்பதும், எவருடைய வாக்கை நம்பி அம்மக்கள் அங்கே தங்கினார்கள் என்பதும் தெளிவாகின்றன.

அரிசோனாவின் தென்பகுதி அமெரிக்காவின் கைக்கு வந்தது 1854இல். காட்ஸ்டன் ஒப்பந்தத்தின் வழியே ஹீலா ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலத்தை 1 கோடி டாலருக்கு மெக்சிகோ விற்றது. நிலத்தை வாங்கியவர்களும் விற்றவர்களும் அதில் வாழ்ந்தவர்களைக் கேட்கவில்லை. டூசான் நகரில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. அதைச் சுற்றியும் மேற்கேயும் டொஹோனோ ஓதாம் மக்களின் ஊர்கள் இருந்தன. வடகிழக்கே, சான் பெட்ரோ ஆற்றின் பள்ளத்தாக்கிலும் அதனை ஒட்டிய மலைகளிலும் மேற்கு அப்பாச்சி மக்களின் அரவைப்பா, பினால் பிரிவினர் வாழ்ந்தனர். ஆற்றங்கரையில் சோளம் விளைவிப்பதும், மலைச்சரிவுகளில் ஆனைக்கற்றாழையின் நடுக்குருத்தை வெட்டிக் குழியிலிட்டுச் சுட்டுச் சேமிப்பதும், வேட்டையாடுவதும், தெற்கே சென்று கால்நடைகளைக் கவர்ந்து வருவதும் அவர்களுடைய ஆண்டுச் சுழற்சியின் பகுதிகள். இந்தக் கவர்தலும் அதற்கான பழிவாங்கலும் ஸ்பானியர் காலத்திலிருந்தே தொடர்ந்து வந்த பகை.

இந்தப் பள்ளத்தாக்கின் வழியே 1850களின் இறுதியில் அமெரிக்க அரசு வண்டிப்பாதை ஒன்றை அமைத்தது. பாதையைக் காக்க ஒரு காவல் நிலை தேவைப்பட்டது. அரவைப்பா ஓடை சான் பெட்ரோவோடு சேரும் இடம் தெரிவு செய்யப்பட்டது. 1860 மே மாதத்தில் படைப்பிரிவு ஒன்று அங்கே கூடாரம் அடித்தது. ஓடையின் மேற்பகுதியில் ஆண்டு முழுதும் நீர் ஓடும். கூடல் அருகே வரும்போது கோடையில் மணலுக்குள் மறைந்துவிடும். சுற்றிலும் நெடிய சாகுவாரோ கள்ளிகளும், நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரங்களும். வரைபடத்தில் பொருத்தமாகத் தெரிந்த அந்த இடம், தங்கிப் பார்த்தபோது வேறாக இருந்தது.

முகாமின் பெயர் வரலாறு தனியாகக் கவனிக்கத்தக்கது. முதலில் அது அரவைப்பாக் கோட்டை. அரவைப்பா என்பது 'சிறு ஊற்றுகள்' எனப் பொருள்படும் ஓதாம் சொற்களிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. சில மாதங்களிலேயே அப்போதைய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஜான் பிரெக்கின்ரிஜின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், தெற்குக் கூட்டமைப்பின் படைகளுக்குப் பயன்படக்கூடாது என்று, காவலிருந்த வீரர்களே அதைத் தீயிட்டு விட்டுச் சென்றனர். பிரெக்கின்ரிஜோ எதிரணியில் சேர்ந்து தளபதியானார். 1862இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த வடவர் படை அந்தச் சாம்பல்மேட்டை மீண்டும் கைக்கொண்டபோது, எதிரியின் பெயரை நீக்கிவிட்டு, கலிபோர்னிய ஆளுநர் லீலண்டு ஸ்டான்ஃபோர்டின் பெயரை இட்டது. அதுவும் நிலைக்கவில்லை. 1865இல் மீண்டும் படை அமர்த்தப்பட்டபோது, போரை வென்ற தளபதி யுலிசஸ் கிராண்டின் பெயர் வந்தது. பிரெக்கின்ரிஜ், ஸ்டான்ஃபோர்டு, கிராண்ட் ஆகிய மூவரின் பெயர்களும் கிழக்கிலும் மேற்கிலும் நடந்த அரசியலின் ஏற்ற இறக்கங்களை அளக்கும் கருவிகளாக இருந்தன; அந்த ஓடையைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. தொடக்கத்தில் 'கோட்டை' எனப்பட்டது இப்போது 'முகாம்' ஆயிற்று. அக்காலத்து இராணுவ வழக்கில் இந்த வேறுபாட்டிற்குப் பொருள் இருந்தது. கோட்டை என்றால் நிலையானது. முகாம் என்றால் தேவை தீர்ந்ததும் கலைக்கப்படுவது. போருக்குப் பின் அரிசோனாவின் காவல் நிலைகள் பெரும்பாலும் முகாம்கள் என்றே அழைக்கப்பட்டன. 1879இல்தான் நிலையானவற்றுக்குக் கோட்டை என்ற பெயர் பொதுவாக வழங்கப்பட்டது. நிலையற்றது என்று பெயரிலேயே அறிவிக்கப்பட்ட இடத்திற்குக் கல்லும் மரமும் செலவிட எவரும் முன்வரவில்லை. 1866இன் வெள்ளத்தில் மண்சுவர்க் கட்டடங்கள் பல கரைந்துபோயின. முகாம் மேட்டுநிலத்திற்கு மாற்றப்பட்டது. குளிர்காய்ச்சல் ஆண்டுதோறும் வீரர்களை வீழ்த்தியது. 1870இல் அங்கே பணியாற்றிய ஜான் கிரெகரி பர்க், பின்னாளில் எழுதிய நினைவுநூலில், தாம் கண்ட காவல் நிலைகளிலேயே இழிந்தது இதுதான் என்னும் பொருள்பட எழுதினார். அமெரிக்கப் படையின் பார்வையில் அது தண்டனைக்குரிய இடம்.

அப்பாச்சி மக்களுக்கு அதே பள்ளத்தாக்கு தாயகம். அவர்கள் தம்மை 'ந்நே' என்றனர், பொருள், மக்கள். 'ஓதாம்' என்பதற்கும் அதே பொருள். ஓதாம் மொழியில் அப்பாச்சியரைக் குறிக்கும் சொல்லுக்கு 'பகைவர்' என்ற பொருளும் உண்டு. 'அப்பாச்சி' என்ற சொல்லே ஜூனி மொழியில் பகைவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஸ்பானியத்திற்குள் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தம்மை மக்கள் என்றும் அயலாரைப் பகைவர் என்றும் வழங்குவது உலகின் பல மொழிகளில் காணப்படும் இயல்பு. ஆனால் இங்கே அயலார் இட்ட பெயர்தான் அரசின் ஆவணத்திற்குள் சென்றது. ஒரு மக்கள் கூட்டம் அரசின் தாளில் பதிவாகும் முதல் சொல்லே 'பகைவர்' என்றிருந்தால், அதன்பின் அவர்கள் கேட்கும் எதுவும் பகைவரின் வேண்டுகோளாகவே படிக்கப்படும்.

1871 பிப்ரவரியில் முதிய பெண்கள் ஐவர் வெள்ளைத் துணியைக் கொடியாக ஏந்தி முகாமிற்கு வந்தனர். கவர்ந்து செல்லப்பட்ட ஒரு சிறுவனைத் தேடி வந்ததாகக் கூறினர். சிறுவன் கிடைக்கவில்லை, ஆனால் விட்மன் அவர்களை நன்கு நடத்தினார். அவர்கள் மீண்டும் வந்தனர். இன்னும் சிலரை அழைத்து வந்தனர். பிறகு எஸ்கிமின்சின் என்னும் தலைவர் தம் குழுவினரோடு வந்து விட்மனிடம் பேசினார். பிறப்பால் பினால் பிரிவைச் சேர்ந்த அவர், திருமணத்தால் அரவைப்பாக் குழுவில் சேர்ந்து அதன் தலைவரானவர். தம் மக்கள் ஓய்வில்லாமல் துரத்தப்படுவதாகவும், அரவைப்பா ஓடைக்கரையில் அமைதியாக வாழ விரும்புவதாகவும் சொன்னார்.

விட்மனின் விடை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. படுகொலைக்குப் பின் அவர் எழுதிய நீண்ட அறிக்கையில் உள்ளது. உடன்படிக்கை செய்யவோ நிரந்தர வாக்குறுதி தரவோ தமக்கு அதிகாரமில்லை என்று அவர் கூறினார். வடக்கே வெள்ளை மலைகளில் ஏற்கெனவே அப்பாச்சியருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே செல்லலாமே என்றார். அது எம் நிலமன்று, அங்குள்ளோர் எம்மவரும் அல்லர் என்று எஸ்கிமின்சின் மறுத்தார். தம் முன்னோர் சோளம் விதைத்த இடம் இந்த ஓடைக்கரைதான் என்றார். தளபதியிடமிருந்து ஆணை வரும்வரை அவர்கள் முகாமருகே தங்கலாம், உணவு தரப்படும் என்று விட்மன் ஏற்றுக்கொண்டார். அந்த ஆணையைக் கேட்டுத்தான் கடிதம் எழுதினார்.

இங்கே ஒரு தேதியை நினைவில் கொள்ள வேண்டும். 1871 மார்ச் 3. அன்றுதான் அமெரிக்க நாடாளுமன்றம், இனிப் பூர்வகுடி இனங்களோடு அரசு புதிய உடன்படிக்கைகள் செய்யாது என்று சட்டமியற்றியது. அதற்கு முந்திய நூறாண்டுகளாக, பலமுறை மீறப்பட்டபோதிலும், உடன்படிக்கை என்ற வடிவம் ஒன்று இருந்தது. இரு தரப்பு, கையொப்பம், குறித்த நிலம், குறித்த கடமை ஆகியன அதில் இருந்தன. மீறினால் மீறல் என்று சுட்டிக்காட்ட ஒரு தாள் இருந்தது. அரவைப்பா மக்கள் முகாமிற்கு வந்துகொண்டிருந்த அதே வாரங்களில் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது ஓர் அதிகாரியின் வாய்மொழி. அதுவும் மேலிடத்து ஆணைக்கு உட்பட்டது.

எனினும் அந்த இரண்டு மாதங்கள் அமைதியாகவே கழிந்தன. மார்ச் முதல் வாரத்தில் சுமார் 300 பேர் இருந்தனர். எண்ணிக்கை மெல்ல வளர்ந்து உச்சத்தில் 510ஐத் தொட்டது. குறித்த நாள் இடைவெளியில் அவர்களை எண்ணிப் பார்த்து, இறைச்சியும் சோளமும் அல்லது மாவும் பங்கிட்டுத் தரப்பட்டன. முகாமின் குதிரைகளுக்கு உலர்புல் தேவை. அதை வெட்டிக் கொண்டுவரும் பணியை விட்மன் அம்மக்களுக்கே கொடுத்தார். பெண்களும் சிறுவர்களும் கத்தியால் புல்லறுத்து முதுகில் சுமந்து வந்தனர். எடைக்கேற்பச் சீட்டு தரப்பட்டது. சீட்டைக் கொடுத்துத் துணியும் பொருளும் வாங்கினர். இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 3,00,000 பவுண்டு புல் வந்து சேர்ந்ததாக விட்மன் குறிப்பிடுகிறார். அருகிலிருந்த பண்ணைக்காரர்கள் அறுவடைக்கு இவர்களைக் கூலிக்கு அமர்த்தவும் பேசிவந்தனர்.

ஏப்ரலில் ஓடையின் கீழ்ப்பகுதி வறளத் தொடங்கியது. விட்மனின் இசைவுடன் அம்மக்கள் சுமார் ஐந்து மைல் மேலே, நீர் ஓடும் இடத்திற்குக் குடிசைகளை மாற்றினர். அந்த இடத்திற்கு அப்பாச்சி மொழியில் 'கஷ்த்லஆ சோ ஓஆ' என்று பெயர்: பெரிய சிக்கமோர் மரம் நிற்கும் இடம். அவர்களுக்கு அது நீருள்ள இடம். முகாமின் காவலுக்கோ ஐந்து மைல் தொலைவு. அம்மாதத் தொடக்கத்தில் பொறுப்பேற்ற கேப்டன் ஃபிராங்க் ஸ்டான்வுட், அம்மக்களைப் போர்க்கைதிகளாகக் கருதி உணவளிக்கலாம் என்ற ஸ்டோன்மனின் வாய்மொழி ஆணையைக் கொண்டுவந்திருந்தார். ஏப்ரல் 24 அன்று பெரும்பகுதி வீரர்களோடு அவர் தேடுதல் பயணம் புறப்பட்டார். முகாமில் எஞ்சியவர்கள் விட்மனும் சுமார் 50 பேரும்.

'போர்க்கைதி' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கைதி என்றால் பிடித்துவைத்தவரின் பொறுப்பில் இருப்பவர். அவர் உயிருக்குப் பிடித்தவரே காவல். இராணுவம் அம்மக்களைக் கைதிகளாக எண்ணிக் கணக்கெடுத்தது. ஆனால் கைதிகளைக் காக்க வேண்டிய படையை அங்கே நிறுத்தவில்லை.

அறுபது மைல் தெற்கே டூசானில் வேறு கணக்கு நடந்துகொண்டிருந்தது. 1870இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரிசோனாவில் பூர்வகுடிகளைச் சேர்க்காமல் 9,658 பேரே இருந்தனர். டூசானில் 3,224 பேர். ஆண்டுதோறும் அப்பாச்சியரின் தாக்குதல்களில் உயிர்களும் கால்நடைகளும் பறிபோயின. அந்தத் துயரம் பொய்யன்று. 1871 மார்ச்சில் டூபாக் அருகே ஒரு பண்ணைக்காரரும் அவரோடு வாழ்ந்த பெண்ணும் கொல்லப்பட்டபோது நகரம் கொதித்தது. தாக்கியவர்கள் அரவைப்பாவில் உணவு பெறுவோரே என்று நகரத்தார் உறுதியாக நம்பினர். தம்மிடம் இருந்தோர் முறையாக எண்ணப்பட்டு வந்தனர், அத்தனை தொலைவு சென்று திரும்ப இயலாது என்று விட்மன் மறுத்தார். நகரத்தார் ஸ்டோன்மனைச் சந்தித்து மேலும் படை கேட்டனர், கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் சுட்டும் இன்னொரு பின்னணியும் உண்டு. டூசானின் வணிகம் இராணுவ ஒப்பந்தங்களை நம்பியிருந்தது; அப்பாச்சியரோடு அமைதி வந்தால் படை குறையும், ஒப்பந்தமும் குறையும்.

திட்டத்தை நடத்தியவர்கள் வில்லியம் ஓரி, ஹேசுஸ் மரியா எலியாஸ் இருவரும்; ஓதாம் மக்களைச் சான் ஹவியரின் தலைவர் பிரான்சிஸ்கோ கலெரீட்டா அழைத்து வந்தார். ஏப்ரல் 28 அன்று ரில்லீட்டோ ஓடையருகே கூடினர். ஆங்கிலம் பேசுவோர் 6 பேர், மெக்சிகோ வழியினர் 48 பேர், ஓதாம் ஆண்கள் 90க்கும் சற்று மேல். துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் உணவையும் ஏற்றிய வண்டியை அனுப்பியவர் சாமுவேல் ஹியூஸ். அவர் அரிசோனா ஆட்சிப்பகுதியின் படைத்துறைச் செயலர். முகாமிற்குச் செய்தி போகாமலிருக்க, டூசானிலிருந்து செல்லும் சாலையில் ஆட்கள் நிறுத்தப்பட்டனர்.

ஏப்ரல் 30, விடியற்காலை. அப்பாச்சி மக்களின் வாய்மொழி மரபில், முந்தைய இரவு ஆடலும் பாடலுமாகக் கழிந்தது என்ற செய்தி இருக்கிறது. அசதியில் உறங்கியவர்களை ஓதாம் வீரர்கள் மரத்தண்டுகளால் தாக்கினர். தப்பி ஓடியவர்களை மேட்டில் நின்றவர்கள் சுட்டனர். சுமார் அரைமணி நேரத்தில் முடிந்தது. தாக்கியவர் தரப்பில் ஓர் உயிரும் போகவில்லை. எதிர்த்துப் போரிட அங்கே எவரும் ஆயத்தமாக இல்லை என்பதற்கு அதுவே சான்று. இறந்தோர் எண்ணிக்கையை மூலங்கள் 125 முதல் 144 வரை கூறுகின்றன. அவர்களுள் வளர்ந்த ஆண்கள் எண்மர் மட்டுமே; ஏனையோர் அப்போது மலையில் இருந்தனர். ஏறத்தாழ 30 குழந்தைகள் உயிரோடு பிடிக்கப்பட்டனர். சிலர் டூசான் வீடுகளில் வேலைக்கு வைக்கப்பட்டனர். சிலர் எல்லை தாண்டி சொனோராவில் விற்கப்பட்டனர்.

டூசானிலிருந்த படைத்தளபதிக்கு ஐயம் எழுந்து, குதிரைவீரர் இருவரை அனுப்பியிருந்தார். அவர்கள் முகாமை அடைந்தபோது காலை ஏழரை மணி. விட்மன் உடனே ஆட்களை ஓடைக்கு மேலே அனுப்பினார். அவர்கள் கண்டது எரியும் குடிசைகளையும் சடலங்களையும். பின்னர் முகாமின் மருத்துவர் இருபது பேரோடு காயமுற்றோரைத் தேடிச் சென்றார். மருத்துவம் தேவைப்படும் நிலையில் எவரும் இல்லை. இதை இராணுவம் செய்யவில்லை என்று மலைக்குச் சென்று சொல்ல, 100 டாலர் தருவதாக மொழிபெயர்ப்பாளர்களிடம் விட்மன் கூறினார், எவரும் இணங்கவில்லை. எனவே மறுநாள் அவரே சென்று இறந்தோரை அடக்கம் செய்தார். மலையிலிருந்து பார்ப்போர் அதைப் புரிந்துகொள்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. மொழி கைவிட்ட இடத்தில் புதைக்கும் செயலே செய்தியாயிற்று. மாலைக்குள் சிலர் வரத் தொடங்கினர். எஸ்கிமின்சினும் வந்தார்; தம் குடும்பத்தில் பெரும்பாலோரை அவர் இழந்திருந்தார். ஆனால் ஜூன் மாதத்தில் வேறொரு முகாமைச் சேர்ந்த குதிரைப்படைப் பிரிவு அவர்களை எதிர்கொண்டு சுட்டதும், அந்த மீள்நம்பிக்கையும் முறிந்தது.

வாஷிங்டனில் குடியரசுத் தலைவராக இருந்தவர் முகாமிற்குப் பெயரளித்த அதே கிராண்ட். அவர் இதை அப்பட்டமான கொலை என்று கண்டித்து, குற்றவாளிகள் மீது வழக்குத் தொடராவிடில் அரிசோனாவில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்படும் என்று எச்சரித்தார். 1871 டிசம்பரில் டூசானில் வழக்கு நடந்தது. முதல் எதிரி சிட்னி டிலாங். அவரோடு ஏறத்தாழ 100 பேர். ஐந்து நாள் விசாரணையில் பெரும்பகுதி, கொல்லப்பட்டவர்கள் குற்றவாளிகளா என்பதைச் சுற்றியே நடந்தது. அரசு காக்கத் தவறினால் மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள உரிமையுண்டு என்னும் போக்கில் நீதிபதி ஜான் டைட்டஸ் ஜூரிக்கு விளக்கமளித்தார். ஜூரி 19 நிமிடங்களில் அனைவரையும் விடுவித்தது. அந்த நீதிமன்றத்தில் தப்பிய அப்பாச்சி ஒருவர்கூடச் சாட்சி சொல்லவில்லை.

விட்மன்மீது மூன்று முறை இராணுவ நீதிமன்ற நடவடிக்கை வந்தது. உள்ளூர்ச் செய்தித்தாள்கள் அவரைக் குடிகாரர் என்றும் அதைவிட இழிவாகவும் எழுதின. 1879இல் அவர் படையிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் வடிவமைத்த குதிரைச் சேணம் 'விட்மன் சேணம்' என்ற பெயரில் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அந்தப் பெயரை அறிந்த குதிரைவீரர்களில் எத்தனை பேருக்கு அரவைப்பா தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

முகாமின் எஞ்சிய நாட்கள் விரைவில் முடிந்தன. 1871 செப்டம்பரில் அரசின் தூதராக வந்த வின்சென்ட் காலியர் அங்கேயே ஓர் ஒதுக்கு நிலத்தை அறிவித்தார். 1872 மே மாதத்தில் ஜெனரல் ஆலிவர் ஹோவர்டு அங்கே பெரிய கூட்டம் ஒன்றைக் கூட்டினார். கவரப்பட்ட குழந்தைகளைத் திருப்பித் தர வேண்டும் என்பதே அப்பாச்சியரின் முதன்மைக் கோரிக்கை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே மீண்டனர். அமைதிக்கு அடையாளமாகக் கல் ஒன்று தரையில் வைக்கப்பட்டது என்றும், கல் உள்ளவரை அமைதி என்பது அதன் பொருள் என்றும் ஹோவர்டின் நினைவுகள் கூறுகின்றன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒதுக்கு நிலம் வடக்கே சான் கார்லோசுக்கு மாற்றப்பட்டது. 1872 டிசம்பரில் இராணுவமும் கிரகாம் மலையடிவாரத்திற்குப் பெயர்ந்தது. 'கேம்ப் கிராண்ட்' என்ற பெயரையும் தன்னோடு எடுத்துச் சென்றது. 1873இல் பழைய இடம் முற்றிலும் கைவிடப்பட்டது. புதிய முகாம் பின்னர் கோட்டையாகி, இருபதாம் நூற்றாண்டில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியாகி, பிறகு சிறையாயிற்று. அப்பாச்சி மக்கள் விட்டுப்பிரிய மறுத்த ஓடைக்கரை, 'பழைய' என்ற அடைமொழியோடு ஆவணங்களில் எஞ்சியது.

நினைவை எவர் எழுதினார்கள் என்பது இறுதிக் கேள்வி. 1884இல் டூசானில் அரிசோனா முன்னோடிகள் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே வில்லியம் ஓரி அதன் உறுப்பினர்கள் முன்னிலையில் அந்த விடியற்காலையைப் பெருமிதத்தோடு விவரித்தார். அந்தச் சங்கம்தான் இன்றைய அரிசோனா வரலாற்றுக் கழகமாக வளர்ந்தது. ஆய்வாளர் சென்று தாள்களைப் புரட்டும் ஆவணக்காப்பகத்தின் வேர், தாக்கியவர்களும் அமர்ந்திருந்த அவையில் இருக்கிறது. ஓதாம் மக்கள் ஆண்டு நிகழ்வுகளைக் கீறிப் பதித்த நாட்காட்டிக் கோல்களில் தம் நினைவை வைத்திருந்தனர். தப்பிய அப்பாச்சியரின் சொற்கள் எழுத்தில் ஏற 1930கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிரென்வில் குட்வின் என்னும் இளம் ஆய்வாளர் முதியோரிடம் கேட்டு எழுதிவைத்த குறிப்புகளின் ஒரு பகுதியைக் கீத் பாசோ 1971இல் பதிப்பித்தார். அதன்பின் சிப் கால்வெல், கார்ல் ஜாக்கபி ஆகியோரின் நூல்கள் முறையே 2007இலும் 2008இலும் வெளிவந்து, ஒரே விடியலை வெவ்வேறு மக்களின் நினைவு வழியே படிக்கக் கற்றுத்தந்தன.

மேற்கு அப்பாச்சி இடப்பெயர்களை ஆராய்ந்த பாசோ, அவை பெரும்பாலும் சிறு காட்சித்தொடர்கள் என்று விளக்கினார். எங்கே நின்று எதைப் பார்க்கிறோம் என்பதைப் பெயரே சொல்லிவிடும். அங்கே நிகழ்ந்ததும் அந்தப் பெயரோடு நினைவில் தங்கும். இந்த அளவுகோலால் 'கேம்ப் கிராண்ட் படுகொலை' என்ற தொடரைப் பார்த்தால் அதன் கோணல் புலப்படும். படுகொலை முகாமில் நடக்கவில்லை. ஐந்து மைல் மேலே நடந்தது. செய்தவர்கள் முகாமின் வீரர்கள் அல்லர். டூசானிலிருந்து திட்டமிட்டு வந்தவர்கள். பெயர் டூசானை மறைத்து, அந்த இடத்தில் முகாமை நிறுத்துகிறது. பாடநூலில் அதைப் படிக்கும் மாணவர், இராணுவம் நடத்திய தாக்குதல் என்றே முதலில் எண்ணுவார்.

ஆயினும் முகாம் குற்றமற்றது என்று இதனால் ஆகிவிடாது. அதன் குற்றம் வேறுவகை. நிலையாக இருக்கும் எண்ணமில்லாத ஓர் அமைப்பு, நிலையான வாழ்வைத் தேடி வந்தவர்களைத் தன் நிழலில் அமரச் சொன்னது. எண்ணிக்கை எடுத்தது, உணவளித்தது, உழைப்பைப் பெற்றது. பொறுப்பேற்கும் தாள் ஒன்றில் மட்டும் எவரும் கையெழுத்திடவில்லை. விட்மன் நேர்மையானவர் என்பதில் ஐயமில்லை. அவருக்கு மேலே இருந்த ஒழுங்கில், ஒரு நேர்மையான கேள்வி ஆறு வாரம் பயணம் செய்து, புறப்பக்கச் சுருக்கம் இல்லை என்ற காரணத்தால் விடையின்றித் திரும்ப இடமிருந்தது. ஸ்டோன்மன் மறுத்திருந்தால்கூட அம்மக்கள் மலைக்குத் திரும்பியிருக்கலாம். விடை வராத காலத்தில்தான் அவர்கள் ஓடைக்கரையில் காத்திருந்தார்கள்.

எஸ்கிமின்சின் பின்னாளில் சான் பெட்ரோக் கரையில் பண்ணை அமைத்து உழைத்தார், அங்கிருந்தும் விரட்டப்பட்டார், வழக்கு விசாரணை ஏதுமின்றித் தொலைதூர அலபாமாவில் சில ஆண்டுகள் கைதியாக வைக்கப்பட்டார், 1890களின் நடுவில் சான் கார்லோசில் மறைந்தார். முகாமின் மண்சுவர்கள் கரைந்து பள்ளத்தாக்கோடு சேர்ந்துவிட்டன. அதற்குச் சூட்டப்பட்ட தலைவர்களின் பெயர்களில் ஒன்றும் அந்த ஓடைக்கரையில் தங்கவில்லை. ஓடை இன்றும் அரவைப்பா என்றே அழைக்கப்படுகிறது.